ராத்திரி தூண்டிலுக்கு லைட் தக்கை: ஏன் படுத்துக்குது, ஏன் கடி தெரியல, எதை வாங்கலாம்

தம்பி, நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி முதல்ல சொல்லிடுறேன். ஊர் கண்மாய்ல பகல்ல மயில்தண்டு தக்கை போட்டு கெண்டை ஜிலேபி புடிச்சுப் பழக்கம், இப்ப ராத்திரி கெளுத்திக்கு உக்காரலாம்னு ஆன்லைன்ல ஒரு பச்சை லைட் தக்கை (நுனியில லைட்டு எரியுற மிதவை) வாங்கியிருக்கீங்க, போட்டா ஒரு தடவை மொத்தமா முங்குது, அடுத்த தடவை படுத்துக்குது, கடிக்குதா இல்லையான்னே பிடிபடல, சும்மா இழுத்து இழுத்து புழுதான் போச்சு, லைட்டும் சீக்கிரமே மங்கிடுது. அந்த லைட்டைப் பாத்து மீன் ஓடுதோன்னு ஒரு சந்தேகம், அப்புறம் பேட்டரி தக்கை நல்லதா முறிச்சுப் போடுற க்ளோ ஸ்டிக் நல்லதான்னு ஒரு கேள்வி.

நான் தாமிரபரணிக் கரை ஆளு. நீங்க கண்மாய்னு சொல்றதை எங்க பக்கம் குளம்னு சொல்லுவோம். ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழ இருக்குற வாய்க்கால், குளம், அப்புறம் ஆறு கடல்ல சேர்ற புன்னக்காயல் கழிமுகம், இங்கெல்லாம் பத்துப் பதினஞ்சு வருஷமா ராத்திரி உக்காந்துட்டு இருக்கேன். பாட்டரி தக்கை, க்ளோ ஸ்டிக், ரேடியம் ஸ்டிக்கர், ராடு நுனியில சலங்கை மணி எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல முங்குறதும் படுக்குறதும். அது தக்கை கோளாறு இல்ல, எடைக் கணக்கு. பகல்ல மயில்தண்டுக்குக் கட்டுற அதே ஈயத்தை அப்படியே இதுக்கும் கட்டியிருப்பீங்க. மயில்தண்டோ நெட்டியோ அதுக்குன்னு சொந்த எடை ஒண்ணுமே கிடையாது, அது தாங்குற எடை பூராவும் ஈயத்துக்குத்தான் போகுது. லைட் தக்கைக்குள்ள ஊசி மாதிரி ஒரு பேட்டரி உக்காந்திருக்கு பாருங்க, மேல 425ன்னு போட்டிருக்கும், அதுவே அரை கிராமுக்கு மேல வரும், நீளமான 435 இன்னும் கூட. அரை கிராம்தானேன்னு தோணும், ஆனா 2 கிராம் தாங்குற தக்கைக்கு அது கால் பங்கு. அட்டையில 2 கிராம்னு அச்சடிச்சிருந்தா அது பேட்டரி சேத்தா சேக்காமலான்னு நெறைய கம்பெனிக்காரன் சொல்றதே இல்ல, அதனால அட்டையை நம்பாதீங்க, வாளியை நம்புங்க.

வாளின்னா 20 லிட்டர் பெயிண்ட் வாளிதான். வீட்டு வாசல்லயே தண்ணி நிரப்பி, தக்கையில பேட்டரி போட்டு மூடியை டைட் பண்ணி, தூண்டில் முள்ளு மாட்டி, பொடி ஈயத்தை ஒண்ணொண்ணா நரம்புல, அதாவது தூண்டில் லைன்ல, கடிச்சு விட்டு (பல்லால இல்ல, குறட்டால, ஈயம் வாய்க்குள்ள போகவே கூடாது) தண்ணில விட்டுப் பாருங்க. லைட்டு இருக்குற நுனி தண்ணிக்கு மேல ஒரு விரக்கடை மட்டும் நிக்கணும். ரெண்டு விரக்கடை நின்னா ஈயம் பத்தல, மீன் இழுக்கும்போது தக்கையோட எதிர்ப்பு அதுக்குத் தெரிஞ்சு துப்பிடும். நுனி தண்ணி மட்டத்துலயே இருந்தா சின்ன அலைக்கே லைட்டு மறைஞ்சு மறைஞ்சு வரும், நீங்க அதைக் கடின்னு நெனச்சு இழுப்பீங்க. ஒரு தடவை சரியா கட்டிட்டா அந்த ஈயத்தை அந்தத் தக்கையோடவே ஒரு கவர்ல போட்டு வச்சுக்கோங்க, ராத்திரி கரையில உக்காந்து எண்ண முடியாது. கழிமுகத்துக்குப் போறவங்களுக்கு இன்னொண்ணு, உப்புத் தண்ணி நல்ல தண்ணியை விட 100க்கு ரெண்டரை பங்கு கனம், அதனால வீட்ல சரியா நின்ன தக்கை அங்க கொஞ்சம் தூக்கி நிக்கும், ஒரு பொடி ஈயம் கூட சேத்துக்கணும்.

வாளில நேரா நிக்குற தக்கை கண்மாய்ல போட்டதுமே படுத்துச்சுன்னா ஒரே அர்த்தம், ஈயம் தரையில உக்காந்துருச்சு, நீங்க வச்ச ஆழம் தண்ணியோட ஆழத்தை விட அதிகம். ஸ்டாப்பரை (தக்கை அதுக்கு மேல போகாம நரம்புல நிறுத்துற தடை) அரை அடி அரை அடியா கீழ இறக்கிட்டே வாங்க, தக்கை நிமிரும், அந்த எடம்தான் தரை. இந்த வேலையை வெளிச்சம் இருக்கும்போதே முடிச்சிடணும். நான் எப்பவும் சாயங்காலம் 5 மணிக்கே போயிடுவேன், எங்க பள்ளம் எங்க மேடு, எங்க கருவேலம் முள்ளு கெடக்குன்னு பகல்ல பாத்து ஆழத்தை வச்சு, ராடுல அந்த ஆழத்துக்கு ஒரு குறி போட்டுடுவேன். இருட்டுல நரம்பு அறுந்தாலும் திரும்பக் கட்டும்போது அந்தக் குறி வரைக்கும் அளந்தா போதும்.

இப்ப கடி தெரியாத விஷயம். இதுதான் ரொம்ப பேர் சொல்லிக் குடுக்காத எடம், அதனால நிதானமா சொல்றேன்.

அலை இல்லாத குளத்துல லைட் தக்கையைப் போட்டுப் பாருங்க, உங்களுக்கு ஒரு புள்ளி தெரியாது, ரெண்டு புள்ளி தெரியும். மேல ஒண்ணு நிஜ லைட்டு, அதுக்கு நேர் கீழ ஒண்ணு தண்ணில விழுந்த அதோட நிழல். பகல்ல தக்கை எவ்வளவு உசரம் நிக்குதுன்னு தண்டைப் பாத்து தெரிஞ்சுக்குவீங்க, ராத்திரி தண்டு தெரியாது, அந்த ரெண்டு புள்ளிக்கும் நடுவுல இருக்குற இடைவெளிதான் உங்க அளவுகோல். தக்கை ஒரு அரிசி அளவு இறங்குனா நிழல் ஒரு அரிசி அளவு மேல வரும், அப்ப இடைவெளி ரெண்டு அரிசி குறையும். அதாவது பகல்ல தெரியுறதை விட ராத்திரி ரெண்டு மடங்கா தெரியுது. இதைப் பழகிட்டீங்கன்னா சின்னக் கடி கூடத் தப்பாது.

கெளுத்தி கடிச்சா எப்படி இருக்கும்னா, முதல்ல ரெண்டு புள்ளியும் லேசா நடுங்கும், மீசையால தடவிப் பாக்குது, அப்ப இழுக்கக் கூடாது. அப்புறம் ஒரு நிமிஷம் ஒண்ணுமே இருக்காது, நமக்குப் போயிருச்சோன்னு தோணும். அப்புறம் மேல் புள்ளி மெதுவா இறங்க, கீழ் புள்ளி ஏற, ரெண்டும் தொட்டுக்கிட்டு ஒரே புள்ளியா ஆகி, அந்த ஒரே புள்ளி ஒரு பக்கமா நகர ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் லைட்டு தண்ணிக்குள்ள போகும், பட்டுனு அணையாது, கலங்கல் தண்ணிக்குள்ள ஒரு கோலிக்குண்டு அளவுக்கு மங்கலா பரவி, இறங்க இறங்கக் கரைஞ்சுட்டே போகும். அந்தப் பரவுற நேரம் பாருங்க, அதுதான் இழுக்குற நேரம். முதல் தடவை அதைப் பாத்தப்ப நான் ராடைத் தூக்கவே மறந்துட்டு பாத்துட்டே இருந்தேன், அவ்வளவு அழகா இருக்கும்.

கெண்டை வேற மாதிரி. அது தரையில இருக்குற இரையைக் கவ்விட்டு நிமிரும்போது ஈயத்தோட எடையைத் தூக்கிடும், அப்ப தக்கை மேல எழும்பும், புள்ளி ரெண்டும் விலகும். பகல்ல மயில்தண்டு படுக்குமே, அதே கடிதான். விலகுதேன்னு சும்மா பாத்துட்டு இருக்காதீங்க, அதுக்கும் இழுக்கணும்.

சரி, கடியே இல்லாம கடி மாதிரி தெரியுறது? இதுல என் அனுபவம் ஒண்ணு. ஆரம்பத்துல ஒரு அமாவாசை ராத்திரி, காத்தே இல்ல, தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு, தக்கை மட்டும் மெதுவா இடப்பக்கம் போகுது, நின்னு திரும்ப வலப்பக்கம் வருது. நான் இழுத்துட்டே இருக்கேன், புழு அப்படியே முழுசா வருது. ஒரு மணி நேரத்துக்கு மேல இப்படியே போச்சு. பக்கத்துல உக்காந்திருந்த பெரியவர் ஒருத்தர், தக்கை நகரவே இல்லப்பா உன் கண்ணுதான் நகருதுன்னாரு. அவர் சொன்னது நிஜம். சுத்தி எந்த வெளிச்சமும் இல்லாத இருட்டுல ஒரே ஒரு சின்னப் புள்ளியை உத்துப் பாத்துட்டே இருந்தா, அது அசையாம இருந்தாலும் நகருற மாதிரி மூளைக்குத் தோணும். ராத்திரி விமானம் ஓட்டுறவங்களுக்கு இதைத் தனிப் பாடமாவே சொல்லிக் குடுக்குறாங்க, ஒரு நட்சத்திரத்தையோ தூரத்து விளக்கையோ நகருற விமானம்னு நெனச்சுடக் கூடாதுன்னு. நிலா வெளிச்சத்துல மேகம் ஓடும்போதும் இது மாதிரி ஒரு ஏமாத்து நடக்கும்.

இதுக்கு மருந்து, அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல அசையாத இன்னொரு பொருள் கண்ணுல படணும். நான் ராடு நுனியில ஒரு துண்டு ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன், அந்த நுனியும் தக்கையும் ஒரே கோட்டுல வர்ற மாதிரி ராடைத் தாங்கு கம்புல வச்சுடுவேன். தக்கை நிஜமா நகர்ந்தா அந்த நுனியை விட்டு விலகும். எதிர்க் கரையில ஏதாவது வீட்டு விளக்கு இருந்தா அதுவும் போதும். அதோட ஒரே எடத்தையே முறைக்காம அப்பப்ப கண்ணைச் சுத்தி ஓட்டிட்டு வரணும்.

கண்ணைப் பத்திப் பேசுறப்ப இதையும் சொல்லிடுறேன். வெளிச்சத்துல இருந்து இருட்டுக்கு வந்தா கண்ணு முழுசாப் பழக 20 நிமிஷத்துக்கு மேல, அரை மணி வரைக்கும் கூட ஆகும். நடுவுல ஒரு தடவை ஃபோனைப் பாத்தீங்கன்னா அவ்வளவும் போச்சு, திரும்ப முதல்ல இருந்து. தக்கை சரியா தெரியலன்னு சொல்ற பாதிப் பேருக்குக் காரணம் மடியில எரியுற ஃபோன். நீங்க கேட்டதுல இல்லாட்டியும் சொல்றேன், புழு மாட்ட ஹெட்லைட் வாங்கினா சிவப்பு லைட்டு இருக்குறதா பாத்து வாங்குங்க, மங்கலான சிவப்பு வெளிச்சம் கண்ணோட இருட்டுப் பழக்கத்தை அவ்வளவா கெடுக்காது.

தக்கை கலருக்கும் இதே கண்ணுதான் கணக்கு. இருட்டுல நம்ம கண்ணு பச்சைக்கும் நீலத்துக்கும்தான் ரொம்ப கூர்மை, அதனால ரொம்ப தூரத்துல போட்டா பச்சை நல்லா தெரியும். ஆனா பக்கத்துல 5, 10 மீட்டர்ல பச்சை சுத்தி ஒரு புகை மாதிரி பரவித் தெரியும், ரெண்டு புள்ளி இடைவெளின்னு மேல சொன்னேனே அதைப் பாக்க முடியாத அளவுக்கு வழியும். சிவப்பு சின்னதா, ஓரம் சுத்தமா, ஒரு குங்குமப் பொட்டு மாதிரி நிக்கும். கண்மாய்க்கு நான் சிவப்புதான் சொல்லுவேன். நீலம் வேண்டவே வேண்டாம், ராத்திரி கண்ணு நீலத்தைக் கூர்மையா குவிக்காது, கண்ணாடி போட்டவங்களுக்கு இன்னும் மோசம். ஒரே ஒரு விதிவிலக்கு, ஆம்பளைங்கள்ல கொஞ்சம் பேருக்குப் பிறவியிலேயே சிவப்பு பச்சை வித்தியாசம் சரியா தெரியாது, அதுல ஒரு வகைக்கு சிவப்பு ரொம்ப மங்கிப் போயிடும், அவங்க பச்சையோ மஞ்சளோ வச்சுக்கலாம்.

சிவப்புக்கு இன்னொரு லாபம் பூச்சி. பச்சை, நீலம், வெள்ளைக்கு ஈசலும் கொசுவும் வந்து மொய்க்கும், மழைக்காலத்துல தக்கை நுனியிலேயே உக்காந்துக்கும். பூச்சி தண்ணில விழுந்தா பொடி மீன் வரும், பொடி மீன் அந்த லைட்டையே கொத்தும், தக்கை தவிச்சுட்டே இருக்கும், நீங்க கெளுத்தின்னு நெனச்சு இழுப்பீங்க. சிவப்புக்குப் பூச்சி ரொம்ப கம்மி.

மீன் பயப்படுமான்னு கேட்டீங்க. கெளுத்தியும் விலாங்கும் மோப்பத்துலயும் தொடுறதுலயும் இரை தேடுற ஜாதி, தரையோட தரையா கலங்கல்ல போகும். உங்க தக்கை லைட்டு அதுங்களுக்கு ஒரு பொருட்டே இல்ல, ரெண்டு மூணு அடி ஆழத்துல அந்த வெளிச்சம் போய்ச் சேர்றதே சொற்பம். ஜிலேபி பகல் மீனு, ராத்திரி பெரும்பாலும் கடிக்காது, விராலுக்கு விடியலும் அந்தியும்தான் நேரம், அதுக்குன்னு லைட் தக்கை வாங்க வேண்டாம். கழிமுகத்துல கொடுவா மட்டும் வேற கதை. அது கண்ணு இருட்டுக்குன்னே செஞ்சது, டார்ச் அடிச்சா நெருப்புத் துண்டு மாதிரி மின்னும், கண்ணுக்குள்ள வெளிச்சத்தைத் திருப்பி அடிக்குற படலம் இருக்கு. அதுக்கும் அசையாம எரியுற சின்ன லைட்டு ஒண்ணும் பண்ணாது, திடீர்னு தண்ணி மேல விழுற டார்ச் வெளிச்சம்தான் விரட்டும். கரையில இருந்து தண்ணிக்குள்ள டார்ச் அடிச்சு அடிச்சுப் பாக்குறதும், பைக் ஹெட்லைட்டைத் தண்ணியைப் பாத்து நிறுத்துறதும்தான் ராத்திரி மீன் புடிக்குற எடத்துல செய்யக் கூடாத வேலை. நீவாடு (தண்ணி ஓட்டம்) உள்ள எடத்துல கொடுவாய்க்கு இறாலை உயிரோட மாட்டி, லைட் தக்கையை நீவாடு போற போக்குல விடுவோம், அந்தச் சிவப்புப் புள்ளி பாலத் தூண் நிழலுக்குள்ள போகும்போது நெஞ்சு அடிச்சுக்கும், கடிச்சா கெளுத்தி மாதிரி நடுக்கம் எல்லாம் கிடையாது, புள்ளி இருந்த எடத்துல புள்ளி இருக்காது.

பேட்டரியா க்ளோ ஸ்டிக்கா. ரெண்டும் வேலை செய்யும், ரெண்டுக்கும் நேரம் வேற.

க்ளோ ஸ்டிக்னா பென்சில் ஈர்க்கு மாதிரி சின்ன பிளாஸ்டிக் குழாய், நம்ம ஊர்ல அதிகமா கிடைக்குறது நாலரை மில்லிமீட்டர் கனம், 37 மில்லிமீட்டர் நீளம். உள்ள மெல்லிசா ஒரு கண்ணாடிக் குப்பி, அதுக்குள்ள ஒரு திரவம், வெளிய ஒரு திரவம். வளைச்சா டிக்குனு குப்பி உடையும், ஹைட்ரஜன் பெராக்ஸைடும் ஆக்ஸலேட்டுன்னு ஒரு எஸ்டரும் கலந்து அந்த சக்தி சாயத்துக்குப் போய் சூடே இல்லாம வெளிச்சமா வரும். 1960கள்ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல எட்வின் சாண்ட்ராஸ் இந்த வகை வெளிச்சத்தைக் கண்டுபிடிச்சாரு, அமெரிக்கன் சயனமிட் கம்பெனியில மைக்கேல் ரௌஹட் குழு அதை ரொம்ப நேரம் எரியுற மாதிரி ஆக்குனாங்க. மின்மினி பண்ற வேலையை வேற சரக்கு வச்சுப் பண்ணுது, அவ்வளவுதான்.

இதுல நம்ம ஊருக்குன்னு ஒரு பிரச்சனை. இது ரசாயன வினை, சூடு ஏற ஏற வேகமா நடக்கும். கவர்ல 8 மணி நேரம்னு போட்டிருந்தாலும், புழுக்கமான நம்ம சித்திரை வைகாசி ராத்திரியில முதல் ரெண்டு மூணு மணி நேரம் ஜோரா எரிஞ்சுட்டு அப்புறம் மங்கிடும். மார்கழியில அதே குச்சி மங்கலா ஆரம்பிச்சு விடிய விடிய இருக்கும். அதனால பாக்கெட்டை ஐஸ் பெட்டியிலேயே வச்சிருந்து தேவைப்படும்போது எடுங்க, பைக் சீட்டுக்கு அடியில வெயில்ல வாரக் கணக்கா வச்சீங்கன்னா முறிக்காமலே கெட்டுப் போகும். ராத்திரி 10 மணிக்கே கிளம்புறீங்கன்னா எரியுற குச்சியை ஃப்ரீசர்ல போட்டு வைங்க, வினை கிட்டத்தட்ட நின்னுடும், மறுநாள் எடுத்தா இன்னும் கொஞ்ச நேரம் எரியும்.

க்ளோ ஸ்டிக்கோட பெரிய வசதி, உங்ககிட்ட இருக்குற மயில்தண்டையே லைட் தக்கை ஆக்கிடலாம். சைக்கிள் கடையில வால்டியூப் வாங்கி ஒரு இன்ச் வெட்டி, தண்டு நுனியில மாட்டி அதுல குச்சியைச் சொருகிடுங்க. ஆனா அந்தக் குச்சி அரை கிராமுக்கு மேல இருக்கு, அதுவும் உச்சந்தலையில உக்காருது, அதனால தண்டு ஒரு பக்கமா சாயும். தக்கைக்கு அடியிலேயே ஒட்டுனாப்ல ஒரு ஈயம் கட்டணும், நுனியில குச்சி பாதிக்கு மேல தண்ணிக்குள்ள நிக்குற மாதிரி வைக்கணும். அப்பவும் மெல்லிசான தண்டு தாங்காது, தடிமனா பாத்து எடுங்க. மயில்தண்டுன்னா கீழ தானா உதிர்ந்து கெடக்குற தோகையில எடுத்தது மட்டும்.

பேட்டரி தக்கை கொஞ்சம் செலவு, ஆனா மாசத்துக்கு நாலு தடவை போறவங்களுக்கு இதுதான் கட்டுப்படியாகும். அந்த ஊசி பேட்டரிக்கு ஒரு கதை இருக்கு, லித்தியம் பேட்டரி சாதாரண ஜனங்க கைக்கு வந்த ஆரம்பக் காலத்துலயே, 1970கள்ல, ஜப்பான்ல மட்சுஷிதா கம்பெனி இந்த ஊசி வடிவத்தை ராத்திரி தூண்டில் தக்கைக்குன்னே கொண்டு வந்தாங்க. அங்க இலையுதிர் காலத்துல துறைமுகச் சுவர் ஓரமா வரிசையா உக்காந்து வாளை மீனுக்குத் தூண்டில் போடுவாங்க, தண்ணி மேல சிவப்புப் புள்ளியா நெறைஞ்சிருக்கும். நம்ம கையில இருக்குறது அந்த வழியில வந்த சாமான்.

425 பேட்டரி 3 வோல்ட், 4.2 மில்லிமீட்டர் கனம், 25.9 மில்லிமீட்டர் நீளம், கொள்ளளவு சுமார் 25 மில்லி ஆம்பியர் மணி. 435 அதே கனம், 10 மில்லிமீட்டர் நீளம் கூட, கொள்ளளவு ரெண்டு மடங்கு. தக்கை ஒரு மில்லி ஆம்பியர் இழுத்தா 425 ஒரு நாள் முழுக்க வரும், அஞ்சு மில்லி ஆம்பியர் இழுக்குற பளிச்சுனு எரியுற தக்கைன்னா 5 மணி நேரம்தான். இங்கயும் சிவப்புக்கு ஒரு லாபம் இருக்கு. சிவப்பு எல்இடி எரிய ரெண்டு வோல்ட்டுக்குக் கீழயே போதும், பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் கிட்ட வேணும். பேட்டரி கொஞ்சம் தளர்ந்ததுமே பச்சை மங்கிடும், அதே பேட்டரியை எடுத்து சிவப்புல போட்டா இன்னும் ஒரு ராத்திரி ஓடும். உங்க பச்சை தக்கை சீக்கிரம் மங்குறதா எழுதியிருந்தீங்களே, காரணம் இதுதான், பேட்டரியைத் தூக்கிப் போடாம வைங்க.

இந்தப் பேட்டரியில மெல்லிசா நீட்டிட்டு இருக்குற ஊசி நெகட்டிவ், உடம்பு பாசிட்டிவ். பெரும்பாலான தக்கையில ஊசி பக்கம் உள்ள போகணும், எரியலன்னா திருப்பிப் போட்டுப் பாருங்க, அழுத்தித் திணிக்காதீங்க, ஊசி வளைஞ்சா முடிஞ்சது. சட்டைப் பையில காசு சாவியோட போடாதீங்க. வீட்ல சின்னப் பிள்ளைங்க இருந்தா கைக்கு எட்டாம பூட்டி வைங்க, முழுங்குனா ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்.

தண்ணி உள்ள போறதுதான் பேட்டரி தக்கையோட சாவு. நான் வாங்குன ஒரு தக்கை, முதல் ராத்திரியே மூடி ஓரத்துல கசிஞ்சு, உப்புத் தண்ணி உள்ள போய், காலையில பாத்தா பேட்டரி மேல பச்சைக் களிம்பு பூத்து மூடியோட ஒட்டிக்கிச்சு. அதுல இருந்து புதுசா எது வாங்குனாலும் முதல்ல ஒரு டம்ளர்ல ஈயம் கட்டி ராத்திரி பூரா முக்கி வச்சுப் பாத்துட்டுத்தான் கொண்டு போவேன். மூடியில இருக்குற ரப்பர் வளையத்துல சிலிக்கான் கிரீஸ் துளி தடவுங்க, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணில கழுவி, பேட்டரியைக் கழட்டி, மூடியைத் திறந்தே காய வைங்க. பேட்டரியை உள்ளயே விட்டுட்டு அடுத்த மாசம் எடுக்குற பழக்கம் இருந்தா விட்டுடுங்க.

மீன் கடிச்சா பச்சை சிவப்பா மாறுற ஸ்மார்ட் தக்கை வருதே, அதைப் பத்தியும் கேட்பீங்க. உள்ள ஒரு அசைவு சென்சார் இருக்கு, தக்கை இறங்குனாலோ எழும்புனாலோ கலர் மாறும். அலையே இல்லாத சின்னக் குட்டையில நல்லா வேலை செய்யுது. ஆனா எங்க பக்கம் ஆனி ஆடியில கச்சான் காத்து அடிக்குமே, அப்ப ஒவ்வொரு அலைக்கும் கலர் மாறிட்டே இருக்கும், பாக்குறவனுக்குத் தலை சுத்தும். நீங்க இப்பத்தான் பழகுறீங்க, அதுல பழகுனா புள்ளி இடைவெளியைப் படிக்க வராது. வேண்டாம்னுதான் சொல்லுவேன். டார்ச் காட்டி வச்சா மிளிர்ற பெயிண்ட் தக்கை இருக்கு, அது பத்து இருபது நிமிஷத்துல மங்கிப் போகும், ஒவ்வொரு தடவையும் டார்ச் அடிச்சே கண்ணு கெட்டுடும்.

சிலர் சொல்றாங்க லைட்டு வச்சு மீன் புடிக்கத் தடை இருக்கேன்னு. 2017 நவம்பர்ல மத்திய அரசு போட்ட தடை, கடல்ல ஜெனரேட்டர் வச்சு எல்இடி விளக்கு எரிச்சு மீன் கூட்டத்தையே இழுத்து வலையில அள்ளுறதுக்கு. நியாயமான தடை, குஞ்சு குருமான் எல்லாம் சேந்து போயிடும். தூண்டில் தக்கை நுனியில எரியுற லைட்டு அந்த வேலை பண்றது இல்ல. ஆனா உங்க கண்மாய் மீன்பாசி குத்தகைக்கு விட்டிருப்பாங்க, குத்தகைக்காரர்கிட்ட பகல்லயே கேட்டுட்டுப் போங்க, ராத்திரி கரையில லைட்டைப் பாத்தா அவங்க திருட்டுன்னுதான் நெனப்பாங்க, அது அவங்க பொழப்பு.

கெளுத்தியை இருட்டுல கழட்டும்போது அவசரப்படாதீங்க. ரெண்டு பக்கத் துடுப்புலயும் முதுகுலயும் முள்ளு இருக்கு, தேளியா இருந்தா விஷமே இருக்கு. ஈரத்துணியால முதுகுப் பக்கமா அமுக்கிப் புடிச்சு, குறட்டால தூண்டில் முள்ளை எடுங்க. குத்திட்டா கை பொறுக்குற அளவு சூடான வெந்நீர்ல அரை மணி நேரத்துக்கு மேல முக்கி வைங்க, அந்த விஷம் சூட்டுல முறியும், வலி குறையும், பிளாஸ்க்குல வெந்நீர் கொண்டு போறது அதுக்குத்தான். அப்படியும் வீக்கம் ஏறுனா டாக்டர்கிட்ட போயிடணும். கரையில நடக்கும்போது மட்டும் டார்ச்சைத் தாராளமா அடிங்க, பூட்ஸ் போடுங்க, கண்ணாடி விரியன் ராத்திரிதான் அதிகமா வெளிய வரும். கார்பன் ராடா இருந்தா தூக்குறதுக்கு முன்னாடி மேல கரண்ட் கம்பி போகுதான்னு பகல்லயே பாத்து வச்சுக்கோங்க, அது கரண்ட்டைக் கடத்தும், இருட்டுல கம்பி கண்ணுக்குத் தெரியாது.

ஒரு விஷயம் கெஞ்சிக் கேட்டுக்குறேன். எரிஞ்சு முடிஞ்ச குச்சியையும் தீந்து போன பேட்டரியையும் கரையில போட்டுட்டு வராதீங்க. அந்தக் குச்சிக்குள்ள இருக்குற எண்ணெய் தோல்ல பட்டா எரியும், கண்ணுல பட்டா இன்னும் மோசம், மாடு மேய்க்க வர்ற பிள்ளைங்க கலர் குச்சின்னு எடுத்து உடைச்சு விளையாடும், நான் கண்ணால பாத்திருக்கேன். என் பையில பழைய மாத்திரை டப்பா ஒண்ணு இருக்கு, எரிஞ்சது எல்லாம் அதுக்குள்ள போய் வீட்டுக்கு வந்துடும்.

உங்களுக்கு இப்ப புதுசா வேற எதுவும் வாங்க வேண்டாம், சிவப்பு எல்இடி தக்கை 2 கிராம்ல ஒண்ணு மட்டும் போதும், பச்சையை ஸ்பேரா வச்சுக்கோங்க. சனிக்கிழமை சாயங்காலம் வாளியில எடையைக் கட்டிப் பாத்துட்டு, வளர்பிறை அஞ்சாறு நாள் ஆன ஒரு ராத்திரியா பாத்துப் போங்க, பாதி நிலா வெளிச்சத்துல கையும் தெரியும், புள்ளியும் தெரியும். முள்ளு மாட்டாம வெறும் ஈயத்தோட ஒரு கால் மணி நேரம் தக்கையை மட்டும் போட்டு, காத்துக்கு எப்படி ஆடுது, நிழல் எப்படி விலகிச் சேருதுன்னு பாருங்க. அப்புறம் புழுவை மாட்டுங்க. இடைவெளி எத்தனை விரக்கடை வச்சீங்க, முதல் கடியில புள்ளி எப்படிப் போச்சுன்னு வந்து எழுதுங்க, அதைப் பாத்து ஈயத்தைக் கூட்டணுமா குறைக்கணுமான்னு சொல்றேன்.